செம்மறிக்குக் கிடையா, பரணா?

ஆட்டுப் பண்ணை வைக்க நினைக்கும் இளைஞர்கள் இப்போது முதலில் விசாரிப்பது பரண் போட எவ்வளவு ஆகும் என்பதைத்தான். தரைக்கு மேலே இடுக்குவிட்ட பலகைத் தளத்தில் ஆட்டை அடைத்துத் தீனி போடும் கொட்டகைதான் பரண். பகலில் மேய்த்த மந்தையை இரவில் வயலிலேயே அடைக்கும் கிடை என்ற பேச்சே பலரிடம் வருவதில்லை. லாபக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் எது நல்லது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளாட்டை இதில் சேர்க்கவில்லை. அது தழை கடிக்கும், பரணுக்கும் ஓரளவு பழகிக்கொள்ளும். செம்மறி நடந்து தரையோடு மேய்கிற பிராணி.

தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள், மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரி டெல்டாவுக்கு வருகிறார்கள். பகலில் அறுத்த தாளும் வரப்புப் புல்லும் மேய்ச்சல். இரவில் பேசிவைத்த வயலில் வலை கட்டி அடைப்பு. வயல்காரர் ராத்திரிக் கணக்கில் கூலி தருகிறார். ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்பது அனுபவத்தில் பிறந்த சொல். ஆட்டு எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். சாதாரணத் தொழு உரத்தில் அரை சதவீதம்தான்.

பரணிலும் அதே புழுக்கைதான். ஆனால் பலகை இடுக்கு வழியே கீழே விழுவதைக் கூட்டி அள்ளி, வண்டியேற்றி வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். மூத்திரத்தைப் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை, அதிலுள்ள சத்து வீணாகிறது. கிடையில் அது நேராக மண்ணில் இறங்குகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கிடை எழுப்பியதும் மேலாக உழுது மூடிவிட வேண்டும். பத்து நாள் வெயிலில் காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். கூலி கொடுத்துக் கிடை போட்டுவிட்டு உழவைத் தள்ளிப்போடுவது கையில் கிடைத்ததைக் கொட்டுவதுதான்.

தீனிக்கு வருவோம். 30 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தீனி வேண்டும். பசுந்தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், அதை மட்டுமே போட்டால் நான்கைந்து கிலோ அறுக்க வேண்டியிருக்கும். பரண் ஆட்டுக்கு அறுத்துப் போடும் வேலிமசால் என்ற தீவனப் பயிரும் தீவனச் சோளமும் ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் வளர்கின்றன. கூடவே மக்காச்சோளம், புண்ணாக்கு. நாம் தின்ன முடியாத தாளையும் புல்லையும் கறியாக மாற்றித் தருவதுதான் செம்மறியின் பெருமை. அதைக் கட்டிவைத்துத் தானியம் போட்டால் அந்தப் பெருமையே போய்விடுகிறது.

பரணுக்கும் நியாயம் உண்டு. நல்ல தீனி தின்ற குட்டி சீக்கிரம் எடை போடுவதால், ஒரு கிலோ கறிக்கு வெளியாகும் மீத்தேன் குறைகிறது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடுவது எளிது. அப்புறம் சீமைக்கருவேலம். மேய்கிற ஆடுகள் அதன் நெற்றைத் தின்று, விதையைப் புழுக்கையோடு ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுகின்றன. இது கிடையின் உண்மையான குறை.

எனக்கு மனசு கனப்பது மனிதர் பக்கத்தைப் பார்க்கும்போதுதான். கீதாரி குடும்பங்களுக்கு வெட்டவெளிதான் வீடு, பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கடனுக்கு ஈடாக ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட சிறுவர்களை டெல்டா மாவட்டங்களில் மீட்ட செய்திகள் இன்றும் வருகின்றன. பாரம்பரியம் என்று சொல்லி இதை மூடி மறைக்கக் கூடாது.

மேய்ச்சல் புறம்போக்குகளும் சுருங்கிவிட்டன. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்களில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதம் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா அளவுக்குக் குறைத்தது. காட்டைக் காக்கத்தான் வேண்டும், ஆனால் மாற்று இடம் யாரும் காட்டவில்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்குப் பாதிச் செலவு மானியம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய். அதற்கு நிலம் காட்ட வேண்டும். ஊர் ஊராகப் போகிற கீதாரி எதைக் காட்டுவார்?

என் வாக்கு கிடைக்குத்தான். ஆனால் மந்தை தங்கும் ஊரிலேயே தடுப்பூசி, பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி, அளந்து கல் நட்ட மேய்ச்சல் நிலம் ஆகிய மூன்றும் வேண்டும்.

இரண்டு மூன்று ஏக்கரும் ஐம்பது ஆடுமாகத் தொடங்குகிறவர் பரணுக்காகக் கடன் வாங்க வேண்டாம். பகலில் மேய்த்து, இரவில் சொந்த வயலிலேயே வலையை நாளுக்கொரு இடமாக மாற்றிக் கட்டலாம். பயிர் நிற்கிற மாதங்களில் பக்கத்துத் தரிசில் அடைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் தரையை மேடாக்கி ஒரு கூரை போட்டுவிடுங்கள். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகிவிடும்.