கோதுமைப் படத்தைக் காட்டி நெல்லுக்கு விற்ற விதை மருந்து

புரட்டாசி முதல் வாரம் ஒன்றரை ஏக்கரில் நெல்லைப் புழுதி விதைப்பாக, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில், விதைத்தேன். முளைத்தது வரப்போரம் மட்டும்தான், அதுவும் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு. பக்கத்து வயல் அண்ணன் அதே நாளில் அதே அண்ணா 4 நெல் ரகத்தைக் காய்ந்த விதையாகவே வீசிவிட்டுப் போனார். அவருடைய வயலிலும் உவர்த் திட்டுகள் உண்டு. அங்கே பச்சை கட்டிவிட்டது. நான் கூடுதலாகச் செய்தது ஒன்றே ஒன்று: பாட்டில் 1,850 ரூபாய் என்று இரண்டு பாட்டில் விதை மருந்து வாங்கி ஊறவைத்தேன். காரைக்குடிப் பக்கத்துக் கடைகளில் இதே சரக்கு இன்னும் விற்கிறது என்று கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன். கடைப் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது படித்துக்கொண்டு போனால் புரியும்.

எங்கள் நிலம் கண்மாயின் கடைமடையில் இருக்கிறது. தண்ணீர் வந்து சேரும்போது மற்றவர்கள் குடித்து மிச்சம் வைத்ததுதான் வரும். அதிலும் தென்கிழக்கு மூலையில் உவர் என்று நாங்கள் சொல்லும் கால் ஏக்கர் எந்த வருடமும் சரியாக விளைந்ததில்லை. விதை வாங்கப் போன கடையில் இதைச் சொன்னதுதான் தாமதம், கடைக்காரரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விற்பனைப் பிரதிநிதி எழுந்துவிட்டார். "ஆச்சி, உங்களுக்காகவே வந்த மருந்து இது" என்றார். நான் ஆச்சியும் இல்லை, அவருக்கு அக்கா வயதைத் தாண்டியவளும் இல்லை. செட்டிநாட்டில் வியாபாரம் செய்ய அந்த ஒரு சொல் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வழவழப்பான தாளில் நான்கு பக்கம் காட்டினார். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உப்பு நிலத்தில் கோதுமை விதையை நேர்த்தி செய்து விதைத்த படங்கள். இடது பக்கம் சோனிப் பயிர், வலது பக்கம் கதிர் தள்ளிய பயிர். "கோதுமையே தாங்குகிறது, நெல் தாங்காதா?" என்றார். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டிலும் உப்புத் தண்ணீர். ஒன்றில் மருந்தில் ஊறிய நெல், வெள்ளை வேர் எட்டிப் பார்த்தபடி இருந்தது. மற்றதில் சாதா நெல், சும்மா கிடந்தது. இரண்டையும் நேற்றுக் காலையில் ஒரே நேரத்தில் தட்டில் போட்டதாகச் சொன்னார். நான் விழுந்தது அந்த இடத்தில்.

பயிர் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மருந்து நெல் தட்டுக்கு வருவதற்கு முன்பே 24 மணி நேரம் ஊறியிருக்கிறது. சாதா நெல்லோ தட்டுக்கு வந்த பிறகுதான் தண்ணீரையே பார்க்கிறது. ஒருவனை ஒரு நாள் முன்னதாகவே ஓடவிட்டுவிட்டுப் பந்தயம் வைத்தது போல. சந்தேகம் தீர மூன்று கிண்ணங்களில் நானே செய்து பார்த்தேன். காய்ந்த விதை, வெறும் தண்ணீரில் ஊறிய விதை, பாட்டில் மருந்தில் ஊறிய விதை, ஐம்பது ஐம்பது மணிகள். வெறும் தண்ணீர் விதையும் மருந்து விதையும் ஒன்றாகவே முளைவிட்டன. மருந்து விதையில் கூடுதலாக இருந்தது ஊதா நிறமும், அடிப்பிடித்த வெல்லப்பாகு போன்ற ஒரு நாற்றமும்தான். விரல் நகத்தில் பிடித்த அந்தச் சாயம் போக நான்கு நாள் ஆனது.

விதை நேர்த்தியே பொய் என்று நான் சொல்லவில்லை. உப்பு மண்ணில் ஈரம் இருந்தாலும் விதையால் அதை எளிதில் இழுக்க முடியாது. அந்த ஈரத்தை உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். விதையை முன்கூட்டியே ஊறவைத்து, முளை வெளியே வருவதற்கு முன்பு நிறுத்தி, நிழலில் உலர்த்திப் பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், முளைப்பதற்கான ஆரம்ப வேலைகள் உள்ளே முடிந்திருக்கும். மண்ணில் விழுந்ததும் வேகமாகவும் ஒரே சீராகவும் எழும். கோதுமைக்கு வெறும் தண்ணீர், கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட் என்று பலவற்றில் ஊறவைத்துப் பார்த்திருக்கிறார்கள், பலனும் கண்டிருக்கிறார்கள். நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமே மானாவாரி நேரடி விதைப்பு நெல்லுக்கு ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சொல்கிறது. லிட்டருக்கு 10 கிராம், ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர், 16 மணி நேரம் ஊறல், பிறகு நிழலில் உலர்த்தல். என் 45 கிலோ விதைக்கு அரைக் கிலோ கூடத் தேவைப்பட்டிருக்காது. உப்பு நிலத்துக்குப் போகிற விதையை இன்னோர் உப்பிலேயே ஊறவைப்பதா என்று சிரிப்பு வரும். ஆனால் வேலை செய்வது அதுதான்.

இதில் உயிர்நாடி அந்த உலர்த்தல். பிரதிநிதி என்னிடம் சொன்னதோ நேர்மாறாக: "24 மணி நேரம் ஊறவையுங்கள், ஈரத்தோடு விதையுங்கள், காயவைத்தால் மருந்து போய்விடும்." புழுதி விதைப்பு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. காய்ந்த மண்ணில் காய்ந்த விதையைப் போட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் அது. மழை பதினோரு நாள் தள்ளிப் போனது. அண்ணன் விதை மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. என் விதை ஊசிமுனை அளவுக்கு முளைவிட்ட நிலையில் சுடுமண்ணில் விழுந்து கருகியது. எட்டாம் நாள் ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பார்த்தேன். முளை பழுப்பாக, நசுக்கினால் மாவாக உதிர்ந்தது.

இன்னொரு புரட்டும் இருக்கிறது. கோதுமை உப்பை ஓரளவு தாங்கும் பயிர். மண்ணின் உப்பை அளக்கும் ஈ.சி. என்ற அளவு 6 வரை போனாலும் அதன் விளைச்சல் பெரிதாகக் குறையாது. நெல்லுக்கு 3-லேயே அடி விழத் தொடங்கிவிடும். "கோதுமையே தாங்குகிறது" என்ற வாதம் தலைகீழ். மேலும் வடக்கே உவர் நிலத்தில் கோதுமை விளைவிப்பவர்கள் விதை நேர்த்தியை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. கர்னாலில் 1969 முதல் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கிருந்து கே.ஆர்.எல். 210 போன்ற உப்பைத் தாங்கும் ரகங்கள் வந்திருக்கின்றன. அந்தத் தாளில் இருந்த படம் எந்த ரகம், எந்த மண் என்று ஒரு வரி இல்லை.

எந்த மண் என்ற கேள்வியை நானும்தான் கேட்டுக்கொள்ளவில்லை. பயிர் போன பிறகுதான் மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அந்த மூலையில் ஈ.சி. 1.2தான். உப்பே அதிகமில்லை. மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவோ 9.1. ஆய்வகத்தில் இருந்த தம்பி, "இது உவர் இல்லை அக்கா, களர்" என்றார். உப்பு மிகுந்தது உவர், சோடியம் மிகுந்து காரமேறியது களர். நம் ஊரில் இரண்டையுமே உவர் என்றுதான் சொல்கிறோம். என் மாமியாரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்த மூலையில்தானே முன்பெல்லாம் துணி வெளுக்க மண் அள்ளிப் போவார்கள்" என்றார். துணி வெளுக்கிற மண் சோடா மண். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் கொழகொழவென்று நிற்கும், காய்ந்தால் ஓடாக இறுகும். விதையை எந்தத் தைலத்தில் ஊறவைத்தாலும் அந்த இறுக்கத்தை உடைக்காது. ஆய்வகம் சொல்கிற அளவுக்கு ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்து மடக்கி உழவேண்டும். திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் களரைத் தாங்கும் என்றார்கள். ஆனால் அவை ஏறக்குறைய 135 நாள் ரகங்கள். கடைமடையில் அத்தனை நாளுக்குத் தண்ணீர் எங்கே?

பாட்டிலோடு கடைக்குப் போனேன். "மழை வராததற்கு நான் என்ன செய்வேன்?" என்றார் கடைக்காரர். பிரதிநிதியின் கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. வேளாண் அலுவலகத்தில் முதல் கேள்வியே பில் எங்கே, பாட்டிலின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) என்ன என்பதுதான். என்னிடம் இருந்தது "வி.மருந்து 2 – 3700" என்று பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டு; கடைப் பெயர்கூட அதில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பதினான்கு வருடம் கணக்கு எழுதியவள் நான். இதைவிட வெட்கம் வேண்டாம். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் கோதுமைக் கதிர் படமும் 'இயற்கை உயிரூக்கி' என்ற சொல்லும் மட்டுமே உண்டு. என்ன கலந்தது, யார் தயாரித்தது, எப்போது தயாரித்தது, எதுவும் இல்லை. உயிரூக்கிகள் எனப்படும் பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களை 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இப்படி ஊரும் பேரும் இல்லாமல் விற்க முடியாது என்று அலுவலரே சொன்னார்.

யாராவது இதே பாட்டிலை வாங்கி, கையில் ஒழுங்கான பில்லும் வைத்திருந்தால், தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. வாங்காதவர்கள், பிரதிநிதி தட்டைக் காட்டினால் மூன்றாவதாக வெறும் தண்ணீரில் ஊறிய விதைத் தட்டு எங்கே என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும் செட்டிநாட்டில் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே ஒரு நடை போய்க் கேட்டிருந்தால் எனக்கு பஸ் டிக்கெட்டோடு போயிருக்கும்.

ஒரு பாட்டிலில் கால் பங்கு மீதி இருக்கிறது. சாக்கடையில் ஊற்றவில்லை. மூடியை மெழுகால் அடைத்து, வாங்கிய தேதியையும் விதைத்த தேதியையும் தாளில் எழுதி ஒட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அலுவலர் மாதிரி எடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.