7,200 ரூபாய்க்கு வாங்கி வந்தது: வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

வீட்டில் பழைய கல்யாண கேசட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குக் கிளம்புங்கள். 'பழைய வீடியோ கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தருகிறோம்' என்று போர்டு வைத்திருக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆறு கேசட் கொடுத்தேன். கேசட்டுக்கு 1,200 வீதம் 7,200 ரூபாய். அத்தனையும் தண்டம். எங்கே கொடுத்தாலும் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

ஆறும் விஎச்எஸ் கேசட். 1993இல் லால்குடியில் நடந்த அப்பா அம்மா கல்யாணம் மட்டும் இரண்டு, தாத்தாவின் மணிவிழா, என் காதுகுத்து, சித்தி கல்யாணம் இரண்டு. எங்கள் வீட்டு விசிஆர் செத்துப் பல வருடம் ஆகிறது. புதிதாக வாங்கலாம் என்றால் உலகத்திலேயே யாரும் தயாரிப்பதில்லை. கடைசி வரை தயாரித்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. வருகிற கல்யாண நாளுக்கு அப்பா அம்மாவை டிவி முன் உட்கார வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை.

கடையில் இருந்தவர் பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. கேசட்டை வாங்கி மூடியைத் தூக்கி, டேப்பை வெளிச்சத்தில் பார்த்து, "பூஞ்சை இல்ல சிஸ்டர், நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி பாத்துப் பண்ணித் தரோம்." 4,000 முன்பணம் கொடுத்தேன். வாங்கப் போன அன்று கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார். ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து பிள்ளையார் வருகிறார், பின்னணியில் சினிமாப் பாட்டு, மண்டப வாசல், வாழைமரம், பன்னீர் தெளிக்கும் அத்தைகள். படம் பளிச்சென்று இருந்தது. மீதி 3,200ஐயும் எண்ணிக் கொடுத்துவிட்டு பென்டிரைவை வாங்கி வந்தேன்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் முதல் கால் மணி நேரம் முழுக்கப் பாட்டுதான். வீடியோக்காரர் உண்மையான சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார். யாருடைய பேச்சும் கேட்காது. படமும் ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டுகிறதா என்று அங்கே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மாதிரி காட்ட அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். தற்செயல் என்று இப்போது நான் நம்பவில்லை.

நேற்று இரவு முழுதாகப் போட்டோம். ஊஞ்சலில் உதட்டசைவு கொஞ்சம் பிசகியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகூர்த்தம் வந்தபோது அப்பா தாலி கட்டி முடித்துவிட்டார், நாத்தனார் மூன்றாவது முடிச்சும் போட்டுவிட்டார், தவில்காரர் கையைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறமும் கெட்டிமேளம் கேட்கிறது! நலங்கில் இன்னும் மோசம். பாட்டி பாடி முடித்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்கிறார், பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. பாட்டியின் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

காலையில் போன் செய்தேன். முதல் பதில்: "உங்க டிவி பிரச்சனையா இருக்கும்." லேப்டாப்பிலும் அப்படித்தான் என்றேன். "விஎல்சி பிளேயர்ல போட்டு ஜே, கே பட்டனை அழுத்துங்க, சவுண்டு முன்ன பின்ன நகரும்." நகர்கிறதுதான். முகூர்த்தத்துக்குச் சரியாக வைத்தால் காலை டிபன் காட்சியில் கெடுகிறது. மூன்று மணி நேரமும் விசைப்பலகையில் கை வைத்தபடி கல்யாணம் பார்க்க வேண்டுமா? நேரில் போனேன். "கேசட்டே அப்படித்தான் சிஸ்டர், முப்பது வருஷ டேப்." அப்புறம், "சிங்க் பண்றது எடிட்டிங் வேலை, அதுக்குத் தனி சார்ஜ்." எடிட்டிங் செய்யாத மூல ஃபைலையாவது கொடுங்கள் என்றால், "இடம் பத்தல, அழிச்சிட்டோம்." பில் கேட்டேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 7,200 என்று எழுதிக் கொடுத்தார். மாலையிலிருந்து போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

சித்தி பையன் எடிட்டிங் வேலையில் இருக்கிறான். ஃபைலைத் திறந்த உடனே சொல்லிவிட்டான். கேசட்டின் மேல் பழி போடுவது பாதிப் பொய்யாம். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். பழைய டேப்பில் படத்தின் சிக்னல் ஆடும். ரெக்கார்டிங்கை நிறுத்தித் தொடங்கிய இடங்களில் அறுந்தே போகும். கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சி அந்த இடங்களில் ஃப்ரேம்களைக் கோட்டைவிடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகும். 25 ஃப்ரேம் போனால் படம் ஒரு நொடி முந்திவிடும், ஒலி பின்னால் இழுபடும். அப்பா அம்மா கல்யாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தி வரும்போது இடைவெளி இரண்டு நொடிக்கு மேல். பதிவு செய்யும்போதே எத்தனை ஃப்ரேம் விழுந்தது என்று வர்ச்சுவல்டப் மாதிரியான மென்பொருள் திரையிலேயே எண்ணிக் காட்டுமாம். ஒருவர் கண்ணை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் போதும். 7,200 ரூபாய்க்கு அதுகூடச் செய்யவில்லை.

பிசகு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவாக இருந்தால் ஒலியை மொத்தமாக நகர்த்திச் சரிசெய்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக ஏறிக்கொண்டே போனால் ஒலியின் நீளத்தை இழுத்தோ சுருக்கியோ ஒட்ட வைக்கலாம். எங்களுடையது அங்கங்கே திடீரென்று தாவுகிற ரகம். ஒவ்வொரு தாவலிலும் வெட்டி நகர்த்த வேண்டும், அப்போதும் போன ஃப்ரேம் திரும்பாது. தாலி கட்டும் பகுதியையும் பாட்டி பாட்டையும் மட்டும் அவன் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்திருக்கிறான். மற்றதை டிபிசி என்கிற, சிக்னலை நிலைப்படுத்தும் கருவி வைத்து மறுபடி கேப்சர் செய்ய வேண்டும் என்கிறான். அதற்கு இன்னொரு செலவு.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், எரிச்சலில் கை ஓடவில்லை. சுருக்கமாக: மாதிரி பார்க்கும்போது கேசட்டின் கடைசிப் பகுதியை, ஆள் பேசும் இடத்தை, தவில் அடிக்கும் கையைப் போடச் சொல்லுங்கள். டிபிசி இருக்கிறதா என்று கேளுங்கள், முழிப்பவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு கேசட் கொடுத்துப் பாருங்கள். மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். டி.வி. (DV) என்கிற டிஜிட்டல் வீடியோ முறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும், ஹார்டு டிஸ்க் கொண்டுபோங்கள். கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள், மறுபடி எடுக்க அதுதான் வேண்டும். பில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லப் போகிறேன். பில் இல்லாமல் விசிட்டிங் கார்டு எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கலாம். அது முடியும் வரை கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்பாக்ஸில் கேட்காதீர்கள். திருச்சிப் பக்கம் டிபிசி வைத்து ஒழுங்காகச் செய்பவர் யாரையாவது தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்.