எச்சம் கழுவ மூன்றடுக்கு அரிதட்டு: வாங்கலாம், மடிப்பைப் பார்த்து வாங்குங்கள்

யாழ்ப்பாணத் தகரவேலைப் பட்டறைகளில் சொல்லிச் செய்விக்கும் மூன்றடுக்கு அரிதட்டு, மரநாய், நரி எச்சங்களில் (மலத்தில்) அவை தின்றவற்றின் விதை பொறுக்கி ஆராய்வோருக்கும், அகழ்வில் வந்த பழைய விதைகளைப் பார்ப்போருக்கும் நல்ல சாமான். கண் அளவு 2, 1, 0.5 மில்லிமீற்றர். வலை துருப்பிடிக்காத உருக்காகவே இருக்கவேண்டும். மேல்தட்டில் பாலை, இலந்தைக் கொட்டைகளும் எலும்புச் சில்லுகளும் தங்கும். ஆல், அரச விதைகள் கீழே இறங்கும். ஜாம்பழ விதை 0.5 ஐயும் தாண்டி ஓடும். அதற்கு அடியில் 0.25 மில்லிமீற்றர் நைலோன் துணி கட்டுங்கள்.

பெரிய குறை ஒன்று: வலையும் விளிம்பும் சேருமிடத்தில், ஈயப்பற்று எட்டாத மடிப்பு. நேற்றுக் கழுவிய எச்சத்தின் விதை அதற்குள் ஒளிந்திருந்து இன்றைய மாதிரியில் விழும். இதைச் சின்ன விசயமாக எடுக்கவே கூடாது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடை போன்ற பழங்கால அகழ்விடத்து அடுப்புச் சாம்பலில் கருகிய விதை வந்தால் "மனிதர் தின்றது" என்று எழுதக் கை துடிக்கும். மரநாயோ பழத்தை விழுங்கி விதையை முழுசாகக் கழித்துவிடும். அந்த எச்சம் நெருப்பில் அகப்பட்டாலும் விதை கருகும். நரி எச்சத்து நெல் உமி, நரி தின்ற எலியின் வயிற்றிலிருந்தும் வந்திருக்கலாம். ஆகவே விதையோடு மயிரும் எலும்பும் கிடந்தனவா என்று பார்த்தே முடிவு சொல்லவேண்டும். ஜாம்பழமும் கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பழைய மண்படையில் அவை தென்பட்டால் முதலில் மடிப்பையும் எலி வளையையும் சந்தேகியுங்கள்.

கழுவ முன், எச்சத்தை 80 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். புழு முட்டைகள் பொல்லாதவை. அப்படியும் கையுறை, முகக்கவசம் வேண்டும். புதிய எச்சம் ஓரிரவு தண்ணீரில் ஊறினால் போதும். காய்ந்திறுகிய பழையதற்கு 1 லீற்றருக்கு 5 கிராம் டிரைசோடியம் பொஸ்பேட் (இறுகியதை இளக்கும் உப்பு) கரைத்து, 48 முதல் 72 மணி நேரம் ஊறவிடுங்கள். சூடாக்கி உலர்த்துவது இன்றைய எச்சத்துக்கு மட்டும், அகழ்ந்தெடுத்ததைச் சூடாக்காதீர்கள். வலையில் தேய்த்தால் விதைத்தோல் உரியும். பூவாளியால் மெல்ல ஊற்றுங்கள். நிழலிலேயே காயவையுங்கள், கருகிய விதை வெயிலில் வெடிக்கும்.

வாங்கியதும் 100 கடுகைக் கருக வறுத்து அரித்து எண்ணிப் பாருங்கள். குறைகிறவை மடிப்புக்குள் இருக்கும். அரல்டைட் பசை பூசி அடைத்து, காய்ந்தபின் மறுபடி எண்ணுங்கள். புதிதாகச் செய்விப்பவர்கள் மடிப்பை வெளிப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.