பழைய லாரி யார்டு நிலம் வாங்குகிறவர்களுக்கு: ‘மாசு இல்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பி நான் பட்டது

மாதவரம் பக்கம் ஒரு பழைய லாரி யார்டில் ஆறு கிரவுண்ட் வாங்கினேன், ஃபேப்ரிகேஷன் ஷெட் போட. யார்டுக்குள்ளேயே டேங்க் புதைத்து, சொந்த டீசல் பங்க் வைத்து இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டு போர் தண்ணீரில் பெட்ரோல் வந்ததை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். அதனால் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்த பிறகே கிரயம் என்று பிடிவாதமாக இருந்தேன். அப்படியும் ஏமாந்தேன்.

நிலத்தை விற்றவரே ஒரு சுற்றுச்சூழல் கன்சல்டன்டைக் கைகாட்டினார். நான் செய்த முதல் தப்பு அவரையே வைத்துக்கொண்டது. ஒன்றேகால் லட்சம் பேசினோம். மார்ச் வெயிலில் இரண்டு பையன்கள் கடப்பாரையோடு வந்து நாலு இடத்தில் ஒன்றரை அடி தோண்டினார்கள். நாலு குழி மண்ணையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கிளறி, பாலிதீன் பையில் கட்டினார்கள். அங்கிருந்த 120 அடி போரில் மோட்டார் போட்டு, காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து பைக்கில் கொண்டுபோனார்கள். இரண்டு வாரத்தில் முப்பது பக்க ரிப்போர்ட்: மாசு இல்லை. கிரயம் முடித்தேன்.

நவம்பரில் பில்லர் குழி தோண்டும்போது ஐந்தடியிலேயே தண்ணீர் ஊறியது. மேஸ்திரி கூப்பிட்டார்: “அண்ணே, வந்து பாருங்க, டீசல் வாடை தூக்குது.” தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம். குழிச் சுவரில் மூன்றடிக்குக் கீழே மண் கருஞ்சாம்பல் பட்டையாக இருந்தது. ஒரு பிடி எடுத்துப் பிசைந்தேன். ராத்திரி சோறு பிசையும்போதும் விரலில் அந்த வாடை போகவில்லை.

அப்புறம்தான் ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவரைத் தேடிப் போனேன். பழைய ரிப்போர்ட்டைப் புரட்டியவர் முதலில் கேட்டது, “தண்ணி எந்த ஆழத்துல எடுத்தாங்க?”

அவர் விளக்கியது இது: டீசல் தண்ணீரைவிட லேசு. நிலத்தடி நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும். ஆழ போரில் மேல்பகுதியை கேசிங் பைப் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மோட்டார் இழுக்கும் தண்ணீரில் மேலே மிதப்பது எப்படி வரும்? இதற்கென்று தனியாகச் சோதனைக் கிணறு போட வேண்டும். அதில் துளையுள்ள பைப், கோடை மட்டமும் மழைக்கால மட்டமும் அதற்குள் அடங்கும்படி நிற்க வேண்டும். மண்ணும் அப்படித்தான். டேங்கின் அடி பத்தடியில் இருக்க, ஒன்றரை அடியில் என்ன கிடைக்கும்? பக்கெட்டில் கிளறியபோதே எளிதில் ஆவியாகிறதெல்லாம் பறந்துவிடும். தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டுமாம்.

எனக்கு வயிறு எரிந்தது சோதனைப் பட்டியலைப் பார்த்தபோது. பிஎச், கடினத்தன்மை, குளோரைடு. குடிநீருக்குச் செய்வதையே செய்திருக்கிறார்கள். எண்ணெய் சம்பந்தமாக இருந்தது ‘ஆயில் அண்ட் கிரீஸ்’ மட்டும். அதில் எண்ணெயை ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, அந்தக் கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கி, மிச்சத்தை எடை போடுவார்கள். டீசலில் ஒரு பகுதி அந்தச் சூட்டிலேயே போய்விடக்கூடியது. எரிபொருள் கசிவைக் காட்டிக்கொடுக்கும் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுயீன் என்று ஒரு வரிகூட இல்லை. லேபின் என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகாரம்) முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில், ‘மாதிரி வாடிக்கையாளரால் கொடுக்கப்பட்டது’. அதாவது வந்த பாட்டிலுக்குத்தான் லேப் பொறுப்பு, என் நிலத்துக்கு இல்லை. இந்த வரி உங்கள் ரிப்போர்ட்டில் இருந்தால் மாதிரியை யார், எங்கே, எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

புதிதாக மூன்று சோதனைக் கிணறு போட்டோம், முக்கோணமாக. மூன்றின் நீர்மட்டத்தையும் அளந்தால்தான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். டேங்குக்குப் பக்கத்துக் கிணற்றில் கண்ணாடி போன்ற நீளக் குழாயை நிலவியலாளர் இறக்கி மெல்லத் தூக்கினார். அடியில் தெளிந்த தண்ணீர், மேலே இரண்டு விரற்கடைக்குத் தேன் நிறத்தில் டீசல். ஓட்டம் தென்கிழக்கே, குடியிருப்புப் பக்கம்.

கன்சல்டன்டைக் கேட்டால், “நீங்க சொன்ன ஸ்கோப்ல அதெல்லாம் வரலையே சார்” என்றார். அதன்பிறகு போனையே எடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் ‘மண், நீர் பரிசோதனை’ என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனை இடம், எவ்வளவு ஆழம், என்னென்ன சோதனை என்று எழுதி வாங்காதது என் தப்பு.

சரி, டேங்கை எடுத்துவிட்டோம், அடி துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. ஊறிய மண் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்குப் போகிறது. அந்தச் செலவு நிலத்தின் விலையில் கால்வாசியைத் தொட்டுவிட்டது. தென்கிழக்கே உள்ள ஆறு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். அதில் ஒரு பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் இத்தனை வருடமும் சமையல். கேன் தண்ணீர் நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் சாம்பிளில் அவர் கிணறு சுத்தம் என்று வந்திருக்கிறது. மழை முடிந்ததும் மறுபடி எடுக்கிறோம்.