ஒரே எஸ்எஸ்டி, இரண்டு யுஎஸ்பி கேஸ்: கொடைக்கானலில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில்

2018-ல் குறிஞ்சி பூத்தபோது இந்த மலையில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு சாட்டா எஸ்எஸ்டியில் (லேப்டாப்புக்குள் மாட்டும் வகை ஃபிளாஷ் டிஸ்க்) இருக்கின்றன. அடுத்த பூப்பு 2030-ல்தான், அதனால் இந்த டிஸ்க் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

அதை உள்ளே வைத்து யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைக்கும் பெட்டிதான் கேஸ். முதலில் வாங்கிய கேஸில் பெரிய வீடியோ நன்றாகத்தான் காப்பி ஆனது. ஆனால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் தம்ப்நெயில் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். டிஸ்க்தான் போய்விட்டது என்று பயந்தேன். லினக்ஸில் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை டி (-t) ஆப்ஷனோடு போட்டுப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. டிரைவர் என்ற இடத்தில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்று இருந்தது.

அது பழைய முறை. கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஒரு கட்டளை அனுப்பும், தரவு போய் வரும், முடிந்தது என்று பதில் வரும், அப்புறம்தான் அடுத்தது. டம்டம் பாறைக்கு மேலே ரோடு வேலை நடக்கும்போது ஒவ்வொரு வண்டியாக விடுவார்களே, அதே கதை. பெரிய ஃபைலில் ஒவ்வொரு கட்டளையும் நிறைய தரவை அள்ளி வருவதால் நடுவில் காத்திருப்பது தெரியாது. சின்ன ஃபைலில் காத்திருப்பதுதான் முக்கால்வாசி நேரம், எஸ்எஸ்டிக்குள் ஒரே சமயத்தில் வேலை செய்யக்கூடிய ஃபிளாஷ் சிப்கள் சும்மா கிடக்கும். யுஏஎஸ் என்ற புது முறையில் பல கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துவிடலாம், எது முதலில் முடிகிறதோ அது முதலில் திரும்பும்.

இரண்டாவது கேஸ் மதுரை போன நண்பர் வாங்கி வந்தது, அட்டையில் யுஏஎஸ்பி (யுஏஎஸ்ஸின் இன்னொரு பெயர்) என்று போட்டிருந்தது. அதே எஸ்எஸ்டி, அதே லேப்டாப், டிரைவர் மட்டும் யுஏஎஸ். முன்பு நான் டீ போட்டுக் குடித்து முடிக்கும்வரை ஓடிய ஃபோல்டர், இப்போது அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். இதற்கு நடுவில் நண்பரிடம் இரவல் வாங்கிய இன்னொரு கேஸிலும் யுஏஎஸ் வந்தது, ஆனால் கனமான காப்பியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீசெட் ஆகி டிஸ்க்கே காணாமல் போகும். கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) முழுக்க அபார்ட், ரீசெட் என்று வரிகள். இப்படித் தகராறு செய்யும் பிரிட்ஜ் சிப்களுக்கென்றே (கேஸுக்குள் யுஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் சிப்) கர்னலில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாததற்கு நாமே குவர்க் (குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டுமான விதிவிலக்கு அமைப்பு) போட்டு யுஏஎஸ்ஸை நிறுத்தலாம். நிறுத்தினால் நிலையாக ஓடும், வேகம் பழையபடி ஆகிவிடும். எனவே வாங்கிய அன்றே ஒரு மணி நேரமாவது விடாமல் காப்பி செய்து, டிமெசேஜைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போதைய கேஸில் எனக்குள்ள குறை கேபிள்தான். ரொம்பக் குட்டை, பிளக் கொஞ்சம் லூஸ், லேப்டாப்பை நகர்த்தினால் தொடர்பு விட்டுப்போகிறது. வேறு யுஎஸ்பி 3 கேபிள் மாற்றியதும் சரி. அப்புறம் இன்னொரு கேஸும் வாங்கி, படங்களின் இரண்டாவது பிரதியைப் பழனியில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன்.