மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய ஹெட்ஃபோன்

மூன்று வருடத்துக்கு முன்னால் இதை வாங்கி வந்த இரவு, தலையில் மாட்டியதும் எனக்கு முதலில் கேட்டது எங்கள் வீட்டு மின்விசிறிதான். பாட்டு அதற்குப் பின்னால் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஓப்பன் பேக், அதாவது முதுகு திறந்த ஹெட்ஃபோன் என்றால் வெளிச்சத்தம் உள்ளே வரும் என்று படித்திருந்தேன். சென்னையில், அதுவும் மே மாதத்தில், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை. விசிறியை நிறுத்தினேன். பாட்டு முன்னால் வந்தது, பத்து நிமிடத்தில் காதைச் சுற்றி வேர்த்துக் கொட்டியது. மறுபடி விசிறியைப் போட்டேன். வேர்வை போனது, கூடவே தம்புராவும் போனது. அன்று தொடங்கிய இழுபறி இன்னும் தீரவில்லை. ஆனாலும் விற்கவில்லை.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அவற்றில் பாதி இந்த வகைக்கே உரியவை. ஒருவர் ஒரு வருடம் வைத்திருந்து விற்றதை வாங்கினேன். இரண்டு மரக் கப், ஒவ்வொன்றின் முதுகிலும் கம்பி வலை, உள்ளே ஒலியைப் பிறப்பிக்கும் சாதாரண டைனமிக் டிரைவர், அதன் மின்தடை 32 ஓம். தலைக்கு மேலே ஒரு தோல் பட்டை, காதுக்கு ஸ்பாஞ்ச் பேட். கிரேடோ ஹெட்ஃபோனைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு உருவம் பிடிபட்டுவிடும். நியூயார்க்கின் புரூக்ளினில் 1953இல் ஜோசப் கிரேடோ தொடங்கிய அந்தக் குடும்பக் கம்பெனிதான் மஹோகனிக் கப், திறந்த முதுகு என்ற இந்தச் சாயலை ஊரறியச் செய்தது. என்னுடையது அதே வழியில் பிறர் செய்தது.

திறந்த முதுகு எதற்கு? டிரைவரின் சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது, அதனால் இரண்டு பக்கமும் ஒலி பிறக்கிறது. மூடிய ஹெட்ஃபோனில் பின்பக்க ஒலி கப்புக்குள் சிக்கிச் சுவரில் மோதித் திரும்பும். அதை அடக்கப் பஞ்சும் ஃபெல்ட்டும் வைப்பார்கள். ஓப்பன் பேக்கில் அதை அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்கள். 1968இல் செனைசர் ஹெச்டி 414 என்ற மாடலில் இதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த அந்த ஹெட்ஃபோனைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் ஹெட்ஃபோன் என்றாலே காதை அடைத்து மூடுவது என்றுதான் இருந்தது.

சரி, மரம் எதற்கு? இதில் எனக்கு முதல் வருடம் ஒரு கருத்து இருந்தது, இப்போது வேறு. வாங்கும்போது வீணை ஞாபகம்தான். பலா மரத்தைக் குடைந்து செய்த குடம் தந்தியின் அதிர்வை வாங்கித் தானும் அதிர்ந்து பாடுகிறது, மிருதங்கத்துக்கும் பலாதான், அப்படியானால் மரக் கப்பும் பாடும் என்று நினைத்தேன். அது தப்பு. வாத்தியத்தில் மரம் அதிர வேண்டும். ஹெட்ஃபோனில் மரம் அதிரவே கூடாது, அதிர்ந்தால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே சாயம் ஏறிவிடும். முதுகு வேறு திறந்திருப்பதால் மரத்தில் மோதித் திரும்புகிற ஒலியும் குறைவு. டிரைவர், அதன் பின்னால் வைத்த தடுப்பு, காதுப் பேட் இந்த மூன்றும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. மரத்தின் பங்கு அவற்றுக்கு அப்புறம்தான். 'மரத்தின் கதகதப்பு' என்று விளம்பரத்தில் எழுதுவதைப் படித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் கையில் எடுக்கும்போது பிளாஸ்டிக்கிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அதற்கு நான் பணம் கொடுத்தேன் என்பதை மறைக்கவில்லை.

இனி ஒலி. நான் கேட்பதில் முக்கால்வாசி கர்நாடக சங்கீதம், அதிலும் பழைய கச்சேரிப் பதிவுகள். மற்றது எண்பதுகளின் சினிமாப் பாட்டு. இந்த ஹெட்ஃபோன் முதல் ரகத்துக்குப் பிறந்தது. குரல் முன்னால் நிற்கிறது, வயலின் கொஞ்சம் தள்ளி, மிருதங்கம் மறுபக்கம். எம்.டி. ராமநாதனைக் கேட்கும்போது இது நன்றாகத் தெரியும். அவர் பாடுவது தாழ்ந்த சுருதி, நிதானமான காலப்பிரமாணம், இரண்டு சொல்லுக்கு நடுவே நிறைய இடம். மூடிய ஹெட்ஃபோனில் அந்த இடம் காலியாக இருக்கும். இதில் அந்த இடத்தில் தம்புரா கேட்கிறது, பின்வரிசையில் யாரோ இருமுவது கேட்கிறது, பக்கவாத்தியக்காரர் 'ஆஹா' என்பது கேட்கிறது. மாலியின் புல்லாங்குழலில் ஸ்வரத்துக்கு முன் வரும் காற்றின் சீறல் வரைக்கும் வருகிறது. பழைய டேப்பின் இரைச்சலும் அதே தெளிவோடு வரும், அதைக் கழித்துக்கொள்ள முடியாது.

வயலின்தான் சிக்கல். மேல் ஸ்தாயியில், குறிப்பாக 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், இது தேவைக்கு மேல் துள்ளுகிறது. நல்ல பதிவில் வில் தந்தியில் உராய்வது அழகாகக் கேட்கும். மோசமான பதிவில் ஊசி. முதல் மாதம் இதைத்தான் 'துல்லியம்' என்று நினைத்து மகிழ்ந்தேன். மூன்றாம் மாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது சலித்துப்போவதைக் கவனித்தேன். ஃபோனில் ஈக்வலைசரை, அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதியைத் திறந்து அந்த இடத்தில் 3 டெசிபல் குறைத்தேன். அவ்வளவுதான், வேறு ஹெட்ஃபோன் மாதிரி ஆகிவிட்டது. ஈக்வலைசரைத் தொடுவது பாவம் என்று நினைக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சாம்பாருக்கு உப்புப் போடாமல் சாப்பிடட்டும்.

பேஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் பேஸே அதிகம் இல்லை. காற்று கசிகிற இடத்தில் தாழ்ந்த ஒலி நிற்காது. முதுகும் திறந்திருக்கிறது, ஸ்பாஞ்ச் பேடும் காதை இறுக்கி மூடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது. தொப்பி என்கிற இடது பக்கத்தின் கும்கி நாதம் மட்டும் பாதிதான் வந்து சேர்கிறது. தவில் கேட்க இது லாயக்கில்லை. ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் போகிற பாதை தெளிவாகத் தெரியும், வயிற்றில் வந்து இடிக்காது. ஈக்வலைசரில் ஏற்றிப் பார்த்தேன், டிரைவர் திணறுகிறது. திறந்த முதுகும் வேண்டும், ஆழமான பேஸும் வேண்டும் என்பவர்கள் பரந்த தட்டைச் சவ்வு கொண்ட பிளேனர் வகைக்குப் போக வேண்டும். ஆடிஸி எல்சிடி 2 போன்றவற்றில் மர வளையமும் உண்டு, தோல் பேட் காதைச் சுற்றி நன்றாக அடைத்தும் கொள்ளும். ஆனால் எடை அரை கிலோவைத் தாண்டும். என் கழுத்தைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

சொகுசு என்று வந்தால் முதல் வாரம் கிட்டத்தட்டத் திருப்பிக் கொடுத்திருப்பேன். எடை ஒன்றும் இல்லை, கால் கிலோதான் இருக்கும். பிடிதான் இறுக்கம். நான் கண்ணாடி போடுகிறவன். பேட் கண்ணாடிக் காம்பை அமுக்க, காம்பு காதுக்கு மேல் எலும்பை அமுக்க, நாற்பது நிமிடத்தில் தலைவலி. இரண்டு இரவு ஒரு தலையணை உறையில் சுற்றிய புத்தக அடுக்குக்கு மாட்டி வைத்தேன். என் தலையைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், அதற்கு மேல் இழுத்தால் பட்டைக்குள் இருக்கும் எஃகுத் தகடு வளைந்தது வளைந்ததுதான். பிடி தளர்ந்தது. இப்போது இரண்டு மணி நேரம் தாங்குகிறேன். தோல் பட்டையில் மெத்தை கிடையாது, உச்சந்தலையில் ஒரே கோட்டில் உட்காரும். முடி அடர்ந்தவர்களுக்குத் தெரியாது. எனக்கு வருடா வருடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

முடி என்றதும் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இதை மாட்டவே கூடாது. ஸ்பாஞ்ச் அதைக் குடித்துவிட்டு வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பேடைக் கழற்றி, பேபி ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் உலர்த்துவேன், மாதம் ஒரு முறை. அப்படியும் நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்பாஞ்ச் வருடத்துக்குள் இளகிப் பொடியத் தொடங்கிவிடுகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது ஜோடி. பேட் தேய்ந்தால் சொகுசு மட்டும் போவதில்லை, ஒலியும் மாறும். ஸ்பாஞ்ச் அமுங்க அமுங்க டிரைவர் காதுக்கு நெருங்கி வருகிறது, அந்த மேல் ஸ்தாயித் துள்ளலும் கூடுகிறது. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஹெட்ஃபோன் 'பழுத்துவிடும்' என்கிறவர்கள் பலர் கேட்ட மாற்றம் டிரைவரில் வந்ததா பேடில் வந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பேட் விலையையும் சேர்த்துத்தான் இதன் விலையைக் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் வலது பக்கம் கிர்ரென்றது. குரல் உயரும்போதெல்லாம் ஒரு வண்டு. டிரைவர் போய்விட்டது என்று முடிவு கட்டி ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். பார்த்துவிட்டு டிரைவரையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், ஹெட்ஃபோன் விலையில் பாதி. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். வீட்டில் பேடைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே ஒரு முடி, சவ்வைத் தொட்டபடி வலைக்குள் நுழைந்திருந்தது. முள்வாங்கியால் எடுத்தேன், வண்டு போனது. திறந்த முதுகு, மெல்லிய ஸ்பாஞ்ச் உள்ள ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் கடைக்கு ஓடுமுன் டார்ச்சை எடுங்கள்.

மரத்துக்கு நான் பயந்த அளவு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம், நவம்பரில் பீரோக் கதவே உப்பி மூடாது. அதனால் கப் வெடிக்கும் என்று எதிர்பார்த்து முதல் மழைக்காலம் முழுக்க அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்தேன். மரத்துக்கு ஈரத்தைவிட ஈரமும் உலர்வும் சட்டென்று மாறுவதுதான் ஆகாது. ஏசிக் காற்று நேரே படுகிற இடத்தில் வைப்பதில்லை, வெயில் விழும் மேஜையில் வைப்பதில்லை, எண்ணெய் எதுவும் பூசுவதில்லை. உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. நிறம் கொஞ்சம் கருத்திருக்கிறது, விரல் படும் இடத்தில் பளபளப்பு ஏறியிருக்கிறது. ஒயர்தான் தொல்லை. தடிமன், விறைப்பு, கழற்றி மாற்றவும் முடியாது. கப் முழுச்சுற்றும் சுழலும் என்பதால் ஒயர் முறுக்கிக்கொண்டே போகும், வாரம் ஒரு முறை பிரித்துவிட வேண்டும்.

ஹெட்ஃபோனுக்கு வரும் ஒலியை வலுவாக்கும் ஆம்ப் தனியாக வேண்டுமா என்று கேட்பார்கள். 300 ஓம் உள்ள செனைசர் ஹெச்டி 600, 650 வகைக்கு வேண்டும். இந்த 32 ஓமுக்கு ஃபோனையும் ஹெட்ஃபோனையும் இணைக்கச் செருகும் சின்ன டாங்கிளே தாராளம். வெறும் சத்தத்துக்காக ஆம்ப் வாங்கிவிடாதீர்கள்.

உள்ளே வருவது போலவே வெளியேயும் போகும். பஸ்ஸிலும் ஆபீஸிலும் இதை மறந்துவிடுங்கள். வீட்டிலேயே ஒரு நாள் இரவு, ஹாலில் கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "தோடியா?" என்றார். தோடி ராகம்தான். "காதுல மாட்டிண்டும் எனக்கு எதுக்குடா போட்டுக் காட்டறே?" என்றார். ஒலியைக் குறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கட்டும், குறைக்காதே" என்றார். அறையைப் பகிர்ந்துகொள்பவருக்குச் சங்கீதம் பிடிக்காது என்றால் இதை வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இதன் நேரம் விடிகாலை நாலரை. மார்கழியில் விசிறி தேவைப்படாது, தெருவில் வண்டி இருக்காது, பால் பாக்கெட் விழுகிற சத்தம்தான் உள்ளே வரும். வெயில் காலத்தில் அப்படி ஒரு நேரம் கிடையாது. கரண்ட் போனால் மட்டும் உண்டு. விசிறி நிற்கும், பக்கத்து வீட்டு ஏசியும் சேர்ந்து நிற்கும், ஃபோனில் சார்ஜ் இருக்கும். போன மே மாதம் அப்படி ஒரு இரவு இருபது நிமிடம் கிடைத்தது. முதல் ஐந்து நிமிடம் டாங்கிளை எங்கே வைத்தேன் என்று இருட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.