மூடி போடுவதா, பள்ளத்தையே நிரப்புவதா?

ஊர் நடுவே பள்ளம் வெட்டி நெடுஞ்சாலை போட்டதால் பிரிந்துபோன பகுதிகளைச் சேர்க்க அமெரிக்காவில் இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

டல்லாஸில் வுடால் ராஜர்ஸ் நெடுஞ்சாலைக்கு மேல் தளம் போட்டு, 2012-இல் கிளைட் வாரன் பூங்காவைத் திறந்தார்கள். பரப்பு 5.2 ஏக்கர், செலவு ஏறக்குறைய 11 கோடி டாலர். தளத்தின் மேல் எடை கூடக்கூடாது என்பதால் மண்ணுக்கு அடியில் தெர்மகோல் போன்ற நுரைக்கட்டிகளை வைத்தார்கள். உத்திரங்களுக்கு இடையிலான பள்ளங்களில்தான் மரங்கள் வேர்விடுகின்றன. கீழே வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மூடிய சாலை சுரங்கம்போல் ஆகிவிடுவதால், அதற்குரிய காற்றோட்டமும் தீத்தடுப்பும் காலத்துக்கும் பராமரிக்க வேண்டியவை.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், நகர மையத்தைச் சுற்றிப் பள்ளத்தில் ஓடிய இன்னர் லூப் நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதியை 2014 முதல் 2017 வரை மண் கொட்டி நிரப்பி, சாதாரணத் தெருவாக்கினார்கள். செலவு டல்லாஸில் ஆனதில் கால்வாசிக்கும் குறைவு. ஏறக்குறைய 6 ஏக்கர் மீண்டது. அதில் வீடுகளே வந்துவிட்டன. அந்தச் சாலையில் போக்குவரத்து குறைவாக இருந்ததால்தான் இது சாத்தியமானது.

போக்குவரத்து நெரியும் இடத்தில் சரி, மூடிதான் வழி. மற்ற இடங்களில் நிரப்பிவிடுவதே மேல் என்பேன். பூங்கா அழகுதான். ஆனால் நெடுஞ்சாலைக்காக இடித்தது வீடுகளை. அங்கே மறுபடி வீடு எழுவதுதான் நியாயம். அதிலும் வாடகை எளியவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும்.